முப்பது கிராம்

ஜூன் 2, திங்கள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு மாதமாக, வாரத்துக்கு மூன்று இரவுகள், அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். படித்தவன் ரகளை செய்யக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். இன்றிலிருந்து தேதி போட்டு எழுதப்போகிறேன். ஒருநாள் இது பத்திரிகைக்குப் போகும். அப்போது தெரியும் இவர்கள் லட்சணம்.

படிப்பவருக்கு விவரம் தெரிய வேண்டும். என் மனைவி செண்பகவல்லிக்கு வயது நாற்பத்தொன்பது. தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. பகலில் வேலையை விட முடியாது என்பதால் இரவு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி இரவு எட்டு மணிக்கு மிஷினில் போட்டால் காலை நான்கு மணிக்குக் கழற்றுவார்கள். எட்டு மணி நேரம் ரத்தம் மெதுவாகச் சுத்தமாகிறது, அவள் தூங்குகிறாள், நான் வராந்தாவில் கொசு அடிக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிறுநீரகம் தருவதாகச் சத்தியம் செய்த அவள் தம்பி, தேதி குறித்ததும் பூனாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

இன்றைய அக்கிரமம் இது. பக்கத்துப் படுக்கைக்காரர் முகைதீன் பிச்சை, மேலப்பாளையத்தில் புளி வியாபாரி. மிஷினில் ஏறுவதற்கு முன் வராந்தாவிலேயே தூக்குச்சட்டியைத் திறந்தார். மூன்று அவித்த முட்டை, இரண்டு துண்டு வஞ்சிரம். சிறுநீரக நோயாளி! நர்ஸ் ஜெபக்கனி அதைப் பார்த்துக்கொண்டே போகிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கட்டுப்பாடு என்று ஒன்று இந்த வார்டில் உண்டா?" என்று கேட்டேன்.

"பாய்க்கு ரத்த ரிப்போர்ட் நல்லாருக்கு சார்" என்றாள்.

"ஒருத்தர் ரிப்போர்ட்டை வைத்து எல்லாருக்கும் சட்டம் போடுவீர்களா?"

"நான் சட்டமே போடலயே சார்" என்று சிரித்தாள். சிரிக்கிறாள்!

ஜூன் 4, புதன்

கட்டுப்பாடு என்றால் என்ன என்று இவர்கள் என் வீட்டுச் சமையலறைக்கு வந்து பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், நோய் கண்டுபிடித்த அன்று, இதே ஆஸ்பத்திரியில் முத்திரை குத்திக் கொடுத்த உணவுமுறைத் தாள் சுவரில் மாட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள். ஒரு நாளைக்குப் புரதம் முப்பது கிராம், அதற்கு மேல் கூடாது. முட்டை, மீன், கோழி, பயறு, பால் எல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில். காய்கறியைப் பொடியாக நறுக்கி, கொதிநீரில் இருமுறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். வாழைப்பழம், இளநீர் கிடையாது.

கல்லூரி ஆய்வகத்தில் கழித்துவிட்ட தராசு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துறைத் தலைவர் பதவியை எனக்குக் கொடுக்காத கல்லூரி, தராசையாவது கொடுத்தது. துவரம்பருப்பைப் பதினைந்து கிராம் நிறுத்துத்தான் கொடுப்பேன். ஒரு நோட்டில் மூன்று வேளையும் குறிக்கிறேன். சுரைக்காய் சாறில்லாமல் வெள்ளையாக, துணி மாதிரி ஆகிவிடும். அவள் முகத்தைச் சுளிப்பாள். ருசி பார்த்தால் உயிர் தங்குமா?

பலன் இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்ததும் நிறுத்துப் பார்க்கும் எடை பதினோரு மாதமாக ஐம்பத்திரண்டு கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வார்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லை.

ஜூன் 5, வியாழன்

குப்பை வாளியில், நேற்றைய செய்தித்தாளில் சுற்றிய முட்டை ஓடு.

நான் கத்தவில்லை. மேஜைமேல் வைத்து, "இது என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"முட்டை ஓடு" என்றாள்.

"அது தெரிகிறது."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கீங்க? பசிச்சது. அவிச்சுத் தின்னேன். நேத்து ஜெபக்கனி சிஸ்டர்கூடச் சொன்னாங்க, மிஷின்ல ஏறுதவங்க நல்லா சாப்பிடணும், இதுலயே கொஞ்சம் சத்து போயிரும்னு."

"நர்ஸ் சொல்வது பெரிதா, டாக்டர்கள் எழுதிய தாள் பெரிதா?"

"தாள் பசிக்குதுன்னு சொல்லாதுல்லா" என்றாள். எழுந்துவிட்டேன். படிக்காதவர்கள் பேச்சை அவள் இவ்வளவு எளிதாக நம்புவது எனக்கு ஆச்சரியம். பி.காம். முதல் வகுப்பு.

ஜூன் 6, வெள்ளி

இன்று மதியம் தாலுகா அலுவலகத்துக்குப் போய், அவளோடு வேலை செய்யும் சரோஜினி என்ற அம்மாளிடம் பேச வேண்டியிருந்தது. தினமும் ஒரு முட்டையும் தயிர்சாதமும் கொடுத்து வந்தது அவள்தான் என்று தெரிந்தது. "நீங்கள் பாசம் என்று நினைத்துச் செய்வது கொலை" என்று எடுத்துச் சொன்னேன். அறையில் பத்துப் பேர் இருந்திருக்கலாம். குரலை உயர்த்தியதாக நினைவில்லை. செண்பகம் பைலைப் பார்த்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள்.

இரவு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். இறங்கும்போது, "எங்க ஆபீசுக்கு இனி வராதீங்க" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

முகைதீன் பிச்சை இன்று என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கேட்காமலே பேசுகிற மனிதர். என் மனைவியை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் சொல்வார்.

"சார், நீங்க காலேஜ் வாத்தியார்னு சொன்னாங்க. மைனி ஏன் இப்படி மெலிஞ்சுக்கிட்டே போறாங்க?"

"மெலியவில்லை. எடை சரியாக இருக்கிறது."

"எடைய விடுங்க. கழுத்தப் பாருங்க. எலும்புல மிட்டாய் வைக்கலாம் போல குழி விழுந்திருக்கு."

"நீங்கள் டாக்டரா?"

"இல்ல, புளி யாவாரி. புளில தண்ணி தெளிச்சு எடை ஏத்துறவனத் தினம் பாக்கேன் சார். தராசு பொய் சொல்லாது, ஆனா ஏமாறும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எனக்கும் அந்தத் தாளு குடுத்தாங்க, டயாலிசிஸ் ஆரம்பிக்கதுக்கு முன்னாடி. வீட்ல அதுல வடை வச்சுப் பொதிஞ்சிட்டாங்க. அதனால தப்பிச்சேன்."

இப்படிப்பட்டவர்களோடு நான் என்ன விவாதிப்பது?

ஜூன் 11, புதன்

எடை 52. பாத்திரம் விளக்கும்போது வளையல் இரண்டும் தானாகக் கழன்று விழுந்தன. சோப்பு வழுக்கிவிட்டது என்கிறாள். கால் மட்டும் மாலையில் வீங்குகிறது. செருப்பு வார் பதிந்த தடம் நெடுநேரம் போகவில்லை.

ஜூன் 14, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

பகல் பன்னிரண்டரைக்கு வகுப்பில் இருந்தேன். போன் வந்தது. சரோஜினி. அலுவலக மாடிப்படியில் செண்பகம் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாளாம். தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவின் வாசலில் சரோஜினி செண்பகத்தின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் வைத்து, உடனே டயாலிசிஸில் போட்டார்கள். பணியில் இருந்தவர் டாக்டர் இசக்கிராஜா. புதிதாக வந்தவர், முப்பது வயதிருக்கும். அவள் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, அப்படியே நின்றது. பிறகு அவள் மேல்கையைத் தன் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்தார். விரல்கள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டன.

வெளியே கூப்பிட்டார். "சார், எடை குறையல, சரிதான். ஆனா உடம்பு குறைஞ்சிருக்கு. சதை போன இடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. சதை நாலு கிலோ போயிருக்கும்னு நெனைக்கேன். அதே அம்பத்திரண்டுலயே நிறுத்திக்கிட்டு இருந்தா, அந்த நாலு கிலோ தண்ணியும் உள்ளேயே இருக்கும். கடைசில நுரையீரல்ல ஏறிருச்சு."

"பதினோரு மாதமாக ஐம்பத்திரண்டு என்று உங்கள் ஆட்கள்தான் எழுதினார்கள்."

"ஆமா. அது தப்பு. மாசாமாசம் பாத்து மாத்தியிருக்கணும்." ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "என்ன சாப்பிடுறாங்க?"

பையில் இருந்த நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "யார் எழுதுனது?"

"நான்தான்."

"ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. கிராம் கணக்குல." இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "சார், டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு இதுக்குப் பேரு பட்டினி."

டயாலிசிஸ் தொடங்காதவரைதான் முப்பது கிராமாம். சிறுநீரகத்தின் மிச்சசொச்சத்தைக் காப்பாற்ற. தொடங்கிவிட்டால் தலைகீழ். மிஷின் கழிவோடு சேர்த்துச் சத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் ஏறக்குறைய இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டும். அதிலும் எட்டு மணி நேர இரவு டயாலிசிஸ் நிறையக் கழித்துவிடும் என்பதால், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களைவிடத் தாராளமாகவே சாப்பிடலாமாம். அதற்காகத்தான் பலர் அதை விரும்பிக் கேட்கிறார்களாம்.

ரத்தத்தில் ஆல்புமின் 2.6. மூன்றரைக்கு மேல், முடிந்தால் நான்கு இருக்க வேண்டும். "இப்படியே போனா?" என்று கேட்டேன். "அடுத்த காய்ச்சல தாங்க மாட்டாங்க" என்றார்.

ஜூன் 16, திங்கள்

இன்று விடவில்லை. டயாலிசிஸ் வார்டின் சுவரில், கைகழுவும் இடத்துக்கு மேலே, அதே உணவுமுறைத் தாளின் நகல் ஒட்டியிருக்கிறது. முப்பது கிராம். டயாலிசிஸ் நோயாளிகள் மட்டுமே படுத்திருக்கும் அறையில்! ஜெபக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் வந்த நாள்ல இருந்து இருக்கு சார். யாரும் அதப் படிக்கதில்ல" என்றாள். படிக்கிறவன் ஒருவன் இருக்கிறேனே, அவனுக்கு என்ன பதில்?

கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனேன். உணவியல் ஆலோசகர் எங்கே என்றேன். பதினான்கு மாதமாகப் பதவி காலி. ஆள் எடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் இரவுப் பிரிவில் மட்டும். அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எடை எழுத ஆள் உண்டு, இரத்த அழுத்தம் எழுத ஆள் உண்டு, "சாப்பிட்டாயா" என்று கேட்க ஆள் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் ஒரு குமாஸ்தா எழுந்து போய் பீரோவிலிருந்து தாளின் மூலத்தை எடுத்து வந்தார். அது நீளத் தாள், பத்திரம் எழுதுகிற அளவு. அடியில், தடித்த எழுத்தில்: "டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு இது பொருந்தாது. தொடங்கியதும் இத்தாளை நீக்கிவிட்டு உணவியல் ஆலோசகரை அணுகவும்."

சுவரில் இருந்ததில் அந்த வரிகள் இல்லை. நீளத் தாளைச் சின்னத் தாளில் நகல் எடுத்தால் அடி வெட்டுப்பட்டுப் போகாதா? எந்த மடையன் செய்தான் அதை? "ஒரு வரியைத் தின்றுவிட்டு ஓர் உயிரைத் தின்னப் பார்த்தீர்களே" என்று கேட்டேன். அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. எனக்கு இவ்வளவு நிம்மதியாக இருந்து பல வருடம் ஆகிறது. மூலத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

செண்பகத்தை நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; போய் அவளிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

சமையலறைச் சுவரில் இருந்த தாளை எடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

புது எடை ஐம்பது. மெல்ல மெல்ல நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவருவார்களாம். முகம் வற்றிவிட்டது. இத்தனை நாள் முகத்தில் இருந்ததும் நீர்தான் போலிருக்கிறது. கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள்.

காலையில் இரண்டு முட்டை அவித்தேன். மஞ்சள் கரு ஒன்று போதும் என்றிருக்கிறார் டாக்டர். மதியத்துக்குக் கோழி. எனக்குக் கோழி வைக்கத் தெரியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "உப்பு வேணாம், மிளகு போடுங்க, இன்னும் கொஞ்சம் போடுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லச் சொல்லச் செய்தேன். பழக்கத்தில் தராசை எடுத்தேன். அவள் பார்த்தாள். உள்ளே வைத்துவிட்டேன்.

இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "வயிறு சுருங்கிப் போச்சு" என்றாள். பதினோரு மாதம் பசிக்கிறது என்று சொன்னவள், இப்போது தட்டைத் தள்ளி வைக்கிறாள். இதற்கு யார் பொறுப்பு? அந்த ஆஸ்பத்திரிதான்.

ஜூன் 23, திங்கள்

இன்று ஜெபக்கனி ஒரு சின்ன டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்து செண்பகத்திடம் கொடுத்தாள். டாக்டர் அனுமதியோடுதான், அளவாக. முகைதீன் பிச்சை தன் படுக்கையிலிருந்து, "சிஸ்டர், எனக்கு?" என்றார். "உங்களுக்குப் பாஸ்பரஸ் கூடிருச்சு பாய். இந்த வாரம் தலைகீழா நின்னாலும் கெடையாது" என்றாள். "பாத்தீங்களா மைனி, நீங்க சாப்பிட ஆரம்பிச்சதும் எனக்கு ரேஷன்" என்றார். வார்டே சிரித்தது. செண்பகமும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

ஜூன் 28, சனி

பத்திரிகைக்கான கடிதத்தை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். காலியான பதவி, மாறாத எடை, வெட்டுப்பட்ட வரிகள், எல்லாம் வரிசையாக. நல்ல கட்டுரை. இருபது வருடமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எப்போதும் முழுப்பெயர், பட்டம், கல்லூரி, ஊர். அதைப் போலவே போட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நல்லாருக்கு. சரோஜினி எங்க?" என்றாள்.

"அது எதற்கு? அது குடும்ப விஷயம்."

"என் ரத்தம், என் எடை, நான் ஆபீஸ் மாடிப்படில மூச்சடைச்சு விழுந்தது, இதெல்லாம் ஊருக்கு எழுதலாம். நீங்க அங்க வந்து கத்துனது மட்டும் குடும்ப விஷயமாக்கும்?"

நான் கடிதப் பக்கங்களை அடுக்கினேன்.

"அந்த மடிப்பும் இல்ல" என்றாள்.

அதை இங்கே எழுதாமல்தான் இத்தனை நாள் ஓட்டினேன். எழுதிவிடுகிறேன். பதினாறாம் தேதி அவள் சமையலறைக்குள் போனது சுவர்த் தாளை எடுக்க. பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, என் முன்னால் மேஜைமேல் வைத்து, அடியில் இருந்த மடிப்பைப் பிரித்தாள். எங்களுக்கு மூன்று வருடம் முன்பு கொடுத்தது நகல் அல்ல, அச்சடித்த நீளத் தாள். உறை சின்னது. அடங்கவில்லை என்று அடிப்பகுதியைப் பின்னால் மடித்து உள்ளே செருகியவன் நான். மடிப்பை நகத்தால் நீவி விட்டது நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு டயாலிசிஸ் இல்லை. அந்த வரி தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது அது சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"நீங்க மடிச்சதுகூடத் தப்பில்ல" என்றாள் இப்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு. "யாரும் மடிப்பாங்க. சிஸ்டர் சொன்னாங்க, பாய் சொன்னாங்க, சரோஜினி சொன்னா, நான் சொன்னேன். எங்க நாலு பேர்ல ஒருத்தருக்காவது அச்சடிச்சுப் பேசத் தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பீங்க."

"அப்படியானால் ஆஸ்பத்திரி மேல் தப்பில்லையா?"

"இருக்கு. அதை நல்லா எழுதியிருக்கீங்க. அத வெட்டச் சொல்லல."

ஜூலை 2, புதன்

மூன்று நாளாகக் கடிதத்தில் அந்தப் பத்தியைச் சேர்க்கப் பார்க்கிறேன். "கவனக்குறைவால் என் தரப்பிலும்" என்று தொடங்கினால் வாக்கியம் என்னைக் காப்பாற்றப் போய்விடுகிறது. "நானும் அறியாமல்" என்றால் பொய். ஜூன் ஐந்தாம் தேதி அந்த முட்டை ஓட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டேன். அறிந்துதான் இருந்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. பெயரும் பட்டமும் அடியில் காத்திருக்கும்போது எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

இன்று சரோஜினி வீட்டுக்கு வந்தாள், செண்பகத்தைப் பார்க்க. காப்பி போட்டுக் கொடுத்தேன். "சீனி கொஞ்சம் கூட" என்றாள். கொண்டுவந்து போட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் அலுவலகக் கதைக்குப் போய்விட்டாள். பிறகு கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆல்புமின் 2.9. எடை நாற்பத்தெட்டரை. மூச்சு வாங்கவில்லை. டாக்டர், "மெதுவாத்தான் ஏறும், விடாதீங்க" என்றார். ஒன்றரை மாதம் முன்பு இந்த ஆளை நான் ரோட்டில் பார்த்திருந்தால் சின்னப் பையன் என்று ஒதுக்கியிருப்பேன்.

வார்டுச் சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. என் சத்தம், குமாஸ்தாவின் பீரோ, கண்காணிப்பாளரின் "ஆவன செய்கிறோம்", எல்லாவற்றுக்கும் பிறகும் இருக்கிறது. இன்று புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கயத்தாறு பக்கம். அவள் கணவன் கைகழுவும் இடத்தில் நின்று, அதை வரிவரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அழகான கையெழுத்து. அவன் தோளைத் தொட்டு, "தம்பி, எழுதாதீங்க" என்றேன். "டாக்டர்கள் போட்டதுதானே சார்?" என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். மடிப்பையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்ல எளிதாக இருந்தது.

திரும்பி வந்து அந்தச் சுவர்த் தாளைக் கிழித்தேன். ஜெபக்கனி பார்த்தாள். மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

நான்கு பக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இந்த நோட்டின் பக்கங்களை, ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றி, அப்படியே படியெடுத்து அனுப்பப்போகிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆள், ஒரு தாள் என்றால் பரவாயில்லை. இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிச் சுவர்களில், எத்தனை சமையலறைகளில், ஒழுக்கமான கணவன்மார்கள் பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கிறார்களோ. ஆஸ்பத்திரிக்காரர்கள் படிக்கட்டும், வெட்கப்படட்டும். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை.

செண்பகம் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, "குரலை உயர்த்தியதாக நினைவில்லையா?" என்றாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன். "வேணாம், இருக்கட்டும். பொய்யும் இருந்தாத்தான் நீங்கன்னு தெரியும்" என்றாள். பிறகு, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "பேரு?"

பெயர் போட்டால் நான் மறுபடி உட்கார்ந்து சில வரிகளை எடுப்பேன். எந்தெந்த வரிகள் என்று இப்போதே சொல்வேன். வரிகள் இருக்க வேண்டும் என்றால் பெயர் போக வேண்டும். வீரம் இல்லை என்று தெரியும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

உறையில் பத்திரிகையின் முகவரி மட்டும் எழுதினேன். அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். திங்கள் காலை தபாலில் சேர்ப்பேன்.